டிஸ்னியின் நாற்காலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2026 பிப்ரவரியில் டிஸ்னி தன் அடுத்த தலைமைச் செயல் அதிகாரியின் பெயரை அறிவித்தது. அன்றிலிருந்து பங்குச் சந்தை நண்பர்கள், சினிமா நண்பர்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஃப்ளோரிடா போய் வந்த உறவினர்கள் என்று பலரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் வந்த வரிசையிலேயே இருக்கின்றன. ஆண்டு வரிசை முன்னும் பின்னுமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யார் அந்தப் புதியவர்?

ஜாஷ் டமாரோ. 1998-ல் கலிஃபோர்னியா டிஸ்னிலாண்டில் வேலைக்குச் சேர்ந்தவர். 2020 மே மாதத்திலிருந்து பூங்காக்கள், உல்லாசக் கப்பல்கள், பொம்மை, உடை வியாபாரம் எல்லாம் அடங்கிய பிரிவின் தலைவர். பிப்ரவரி 3-ஆம் தேதி அறிவிப்பு வந்தது. மார்ச் 18, பங்குதாரர் கூட்ட நாளில் பொறுப்பு மாறும் என்றார்கள். கூடவே டேனா வால்டனை நிறுவனத் தலைவராகவும் தலைமைப் படைப்பு அதிகாரியாகவும் உயர்த்தினார்கள். அவர் தொலைக்காட்சிக்காரர்; ஃபாக்ஸ் திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனத்தை டிஸ்னி வாங்கியபோது இங்கே வந்தவர்.

ஒரு கம்பெனியில் சி.இ.ஓ. மாறுவது அவ்வளவு பெரிய செய்தியா?

சாதாரணமாக இல்லை. நெட்ஃபிளிக்ஸில் ரீட் ஹேஸ்டிங்ஸ் 2020-ல் டெட் சரண்டோஸைத் தனக்குச் சமமாகப் பக்கத்தில் உட்கார வைத்தார். 2023 ஜனவரியில் கிரெக் பீட்டர்ஸையும் சேர்த்துவிட்டுத் தான் நகர்ந்துகொண்டார். இரண்டு நாள் பேசினார்கள், பிறகு எல்லோரும் மறந்துபோனார்கள்.

டிஸ்னி அப்படி இல்லை. இதற்கு முன் 2020-ல் ஒரு வாரிசை நியமித்தார்கள். 33 மாதத்தில் அவரை அனுப்பிவிட்டுப் பழையவரையே கூட்டிவந்தார்கள். அதற்கு முந்தைய மாற்றத்துக்கு, 2005-ல், பங்குதாரர்களின் கலகம் தேவைப்பட்டது. அதற்கும் முன்னால், 1984-ல், கம்பெனியையே வளைத்துப் பிடிக்க வெளியாட்கள் வந்து நின்றார்கள். வால்ட் டிஸ்னி இறந்து அறுபது ஆண்டுகள் ஆகின்றன. கைமாற்றம் சத்தமில்லாமல் நடந்த தடவைகளை விரல் விட்டு எண்ணவே விரல் அதிகம்.

பலரும் இதை ஆள் தேர்வில் நடந்த கோளாறாகப் பார்க்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாவிக்கொத்தை மருமகளிடம் கொடுத்துவிட்டுக் கூடத்தை விட்டு எழுந்திருக்காத மாமியார் நம் ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு. டிஸ்னியில் நடந்ததும் அந்தக் கதைதான். புதிதாக வந்தவர் கெட்டிக்காரரா என்று கேட்பதற்கு முன், போனவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

2020-ல் என்னதான் நடந்தது? அந்த சேபெக் யார்?

பாப் சேபெக். அவருக்கு முன்பிருந்தவர் பாப் ஐகர். இரண்டு பேரும் பாப் என்பதால் அப்போது வந்த கட்டுரைகளைப் படிப்பதே ஒரு வதை.

சேபெக் 1993-லிருந்து டிஸ்னியில் இருந்தவர். வீடியோ கேசட் வியாபாரத்தில் தொடங்கிப் பூங்காப் பிரிவின் தலைவர் வரை வந்தார். 2020 பிப்ரவரி 25 அன்று, யாரும் எதிர்பாராத நேரத்தில், அவர் சி.இ.ஓ. என்று அறிவிப்பு வந்தது. அதுவும் அந்த நொடியிலிருந்தே. ஷாங்காய், ஹாங்காங் பூங்காக்கள் கொரோனாவால் ஏற்கெனவே மூடிக் கிடந்தன. மூன்று வாரத்தில் கலிஃபோர்னியாவும் ஃப்ளோரிடாவும் மூடின. பூங்கா இல்லை, தியேட்டர் இல்லை, கப்பல் இல்லை, டிஸ்னியின் இஎஸ்பிஎன் சேனலில் காட்ட விளையாட்டும் இல்லை. புது மாப்பிள்ளை வீட்டுக்குள் கால் வைத்த அன்றே கூரை பறந்தது.

ஆனால் கொரோனாவைவிடப் பெரிய சிக்கல் அந்த அறிவிப்புக்குள்ளேயே இருந்தது. ஐகர் ஓய்வு பெறவில்லை. 2021 கடைசி வரை நிர்வாகத் தலைவராக இருந்து படைப்பு சார்ந்த வேலைகளைப் பார்த்துக்கொள்வார் என்று ஏற்பாடு. சேபெக் இயக்குநர் குழுவுக்கும் (சினிமா இயக்குநர்கள் அல்ல, கம்பெனியின் போர்டு) பதில் சொல்ல வேண்டும், ஐகருக்கும் பதில் சொல்ல வேண்டும். முதல் சில வாரங்கள் சேபெக்குக்கு இயக்குநர் குழுவில் இடம்கூட இல்லை, ஏப்ரலில்தான் கொடுத்தார்கள். அந்த ஏப்ரலிலேயே, ஐகர் மறுபடி கம்பெனியின் கடிவாளத்தைக் கையில் எடுத்துக்கொண்டார் என்று நியூயார்க் டைம்ஸில் ஒரு பத்தி வந்தது. சேபெக்குக்கு அது எப்படி இருந்திருக்கும்? ஐகர் தன் பழைய அறையைக் காலி செய்யவில்லை என்ற செய்தியும் பின்னால் வந்தது. படம் எடுப்பதும் தொடர் எடுப்பதும்தான் டிஸ்னியின் உயிர். அதைப் பழையவர் கையில் விட்டுவிட்டுக் கணக்குப் புத்தகத்தைப் புதியவரிடம் கொடுத்தால், ஸ்டுடியோக்காரர்கள் யார் அறைக்குப் போவார்கள் என்பது யூகிக்கக் கடினமான விஷயமா?

2020 அக்டோபரில் சேபெக் பதிலடி கொடுத்தார். எந்தப் படம் எங்கே வெளியாக வேண்டும், எவ்வளவு செலவு என்ற அதிகாரத்தைப் படைப்பாளிகளிடமிருந்து பிரித்து, விநியோகத்துக்கென்று தனிப் பிரிவு அமைத்துத் தன் நம்பிக்கைக்குரியவரிடம் கொடுத்தார். கணக்குப்படி சரியாக இருக்கலாம். ஆனால் சமையற்காரரிடமிருந்து அடுப்பைப் பிடுங்கிப் பரிமாறுபவரிடம் கொடுத்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. 2021 ஜூலையில் நடிகை ஸ்கார்லெட் ஜோஹான்சன், தான் நடித்த படத்தை டிஸ்னி தியேட்டரோடு சேர்த்து அதன் ஸ்ட்ரீமிங் தளமான டிஸ்னி பிளஸிலும் வெளியிட்டதற்காக வழக்குப் போட்டார், செப்டம்பரில் சமரசம். 2022 மார்ச்சில் ஃப்ளோரிடாவில், சிறு வகுப்புகளில் பாலின அடையாளம், பாலின ஈர்ப்பு பற்றிப் பாடம் நடத்தக் கூடாது என்ற சட்டம் வந்தது. சேபெக் முதலில் வாய் திறக்கவில்லை, ஊழியர்கள் கொதித்தார்கள். பிறகு திறந்தார், மாநில அரசு கொதித்தது. ஃப்ளோரிடா பூங்கா நிலத்தைத் தானே நிர்வகித்துக்கொள்ள 1967-லிருந்து டிஸ்னி அனுபவித்து வந்த தனி நிர்வாக மாவட்ட உரிமையில் ஏப்ரலில் கை வைத்தார்கள்.

இத்தனைக்குப் பிறகும் 2022 ஜூனில் அதே இயக்குநர் குழு அவருக்கு மூன்று ஆண்டு நீட்டிப்புக் கொடுத்தது. இதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் 8 அன்று காலாண்டுக் கணக்கு வந்தது: ஸ்ட்ரீமிங்கில் மட்டும் சுமார் 150 கோடி டாலர் நஷ்டம். மறுநாள் பங்கு 13 சதவீதம் விழுந்தது. 2021 மார்ச்சில் 200 டாலரைத் தொட்ட பங்கு 90-க்கும் கீழே போனது. பன்னிரண்டாம் நாள், நவம்பர் 20, ஞாயிறு இரவு. லாஸ் ஏஞ்சலஸின் டாட்ஜர் ஸ்டேடியத்தில் எல்டன் ஜானின் விடைபெறும் கச்சேரியை டிஸ்னி பிளஸ் நேரலையில் காட்டிக்கொண்டிருந்தது. நிறுவனத்தின் பெரிய தலைகள் பலர் அங்கே கூட்டத்தில் இருந்தார்கள். ஐகர் திரும்பி வந்துவிட்டார் என்ற மின்னஞ்சல் அவர்கள் கைப்பேசியில் அப்போதுதான் விழுந்தது.

அப்படியானால் சேபெக் மேல் தப்பே இல்லையா?

இருக்கிறது. திறமைசாலிகளோடு பழகத் தெரியாதவர், பேச வேண்டிய நேரத்தில் பேசாதவர். ஆனால் அவர் எப்படிப்பட்டவர் என்பது 27 ஆண்டுகள் அவரைப் பக்கத்தில் வைத்திருந்தவர்களுக்குத் தெரியாதா? தேர்ந்தெடுத்தவர்கள், பாதி அதிகாரத்தோடு உட்கார வைத்தவர்கள், ஜூனில் நீட்டித்து நவம்பரில் நீக்கியவர்கள் எல்லாம் ஒரே ஆட்கள். அந்தக் குழுவின் பொறுப்பைப் பற்றிப் பேசாமல் சேபெக்கை மட்டும் திட்டுவது சுலபம், அவ்வளவுதான்.

ஐகர் எத்தனை முறை ஓய்வைத் தள்ளிப் போட்டார்?

முதல் சுற்றில் நான்கு முறை. 2011-ல் போட்ட ஒப்பந்தப்படி 2015 மார்ச்சில் சி.இ.ஓ. பதவியை விட்டிருக்க வேண்டும். அது 2016 ஆனது, 2018 ஆனது, 2019 ஆனது, ஃபாக்ஸ் விலைபேசப்பட்டதும் 2021 ஆனது. இரண்டாம் சுற்றில் இரண்டு ஆண்டு மட்டும் என்று வந்தவர். எட்டு மாதம்கூட முடியவில்லை, 2026 கடைசி வரை நீட்டித்தார்கள்.

இதற்கு விலை கொடுத்தவர்கள் வரிசையில் காத்திருந்தவர்கள். 2010-ல் நிதித் தலைவர் டாம் ஸ்டாக்ஸையும் பூங்காத் தலைவர் ஜே ரசூலோவையும் இடம் மாற்றிப் போட்டார்கள். இரண்டு பேருக்கும் இரண்டு வேலையும் பழகட்டும், யார் தேறுகிறார்கள் என்று பார்க்கலாம் என்ற கணக்கு. 2015-ல் ஸ்டாக்ஸ் இரண்டாம் இடத்துக்கு உயர்ந்தார். ரசூலோ கிளம்பிப் போனார். அடுத்த ஆண்டே, உனக்குத்தான் நாற்காலி என்று உறுதி சொல்ல இயக்குநர் குழு தயாராக இல்லை என்று தெரிந்து ஸ்டாக்ஸும் கிளம்பினார். டிஸ்னி பிளஸைக் கட்டியெழுப்பிய கெவின் மேயர், நாற்காலி தனக்கு இல்லாமல் சேபெக்குக்குக் கிடைத்ததும் சில மாதத்தில் டிக்டாக்குக்குப் போய்விட்டார். பந்தியில் உட்கார வைத்து இலை போட்டுச் சோறு மட்டும் வராமல் இருந்தால் யார்தான் எழுந்து போக மாட்டார்கள்?

ஆனால் ஐகர் நல்ல நிர்வாகிதானே? இருந்தால் என்ன?

நல்ல நிர்வாகி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அனிமேஷன் ஸ்டுடியோவான பிக்ஸாரை 2006-ல் 740 கோடி டாலருக்கும், மார்வெலை 2009-ல் சுமார் 400 கோடிக்கும், லூகாஸ்ஃபிலிமை 2012-ல் 405 கோடிக்கும் வாங்கியவர். இன்று பார்த்தால் மூன்றும் அடிமாட்டு விலை. 7,130 கோடி டாலர் கொடுத்து 2019-ல் முடித்த ஃபாக்ஸ் பேரம் அந்த வரிசையில் சேராது என்பது என் கருத்து. அந்தக் கடனோடுதான் கொரோனாவைச் சந்தித்தார்கள். ஆள் நல்லவராக இருப்பதுதான் இங்கே தொல்லையே. மோசமான நிர்வாகி என்றால் போகச் சொல்ல யாரும் தயங்க மாட்டார்கள்.

ஐகரே எப்படி வந்தார்?

இதைச் சொல்ல மைக்கேல் ஐஸ்னரைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளும்.

ஐஸ்னர் 1984-ல் பாராமவுண்டிலிருந்து வந்தார். அவரோடு வார்னர் பிரதர்ஸில் இருந்த ஃப்ராங்க் வெல்ஸ் இரண்டாம் இடத்தில். வெல்ஸ் வித்தியாசமான மனிதர். ஏழு கண்டங்களின் ஏழு உயரமான சிகரங்களில் ஏறக் கிளம்பி ஆறில் ஏறியவர், எவரெஸ்ட் மட்டும் மிச்சம். ஐஸ்னர் மனதில் தோன்றியதையெல்லாம் சொல்வார், வெல்ஸ் எது நடக்கும் எது நடக்காது என்று பிரித்துத் தருவார். பத்து ஆண்டுகள் வண்டி அருமையாக ஓடியது. 1994 ஏப்ரல் 3 அன்று நெவாடா மலைகளில் பனிச்சறுக்குப் போய்த் திரும்பும்போது ஹெலிகாப்டர் விழுந்து வெல்ஸ் இறந்தார்.

ஸ்டுடியோத் தலைவர் ஜெஃப்ரி காட்சென்பெர்க் அந்த இடம் தனக்குத்தான் என்று எண்ணினார். அப்படி வாக்குக் கொடுத்திருந்ததாகவும் சொன்னார். அனிமேஷன் பிரிவு அப்போது வரலாறு காணாத வசூல் பார்த்துக்கொண்டிருந்தது. ஐஸ்னர் கொடுக்கவில்லை. அதே ஆண்டு ஜூலையில் ஐஸ்னருக்கு இதயத்தில் நான்கு அடைப்புக்கு பைபாஸ் அறுவை சிகிச்சை. இரண்டாம் ஆள் இல்லை, முதல் ஆள் ஆஸ்பத்திரியில். அப்போதும் வாரிசு யாரென்று முடிவாகவில்லை. காட்சென்பெர்க் வெளியேறி, ஸ்பீல்பெர்க், டேவிட் கெஃபனோடு சேர்ந்து ட்ரீம்வொர்க்ஸைத் தொடங்கினார். தனக்குச் சேர வேண்டிய பங்கு என்று வழக்கும் போட்டார். 1999-ல் அது சமரசமானபோது டிஸ்னி கொடுத்தது 25 கோடி டாலருக்கு மேல் என்று பத்திரிகைகள் எழுதின. ஒரு பதவி உயர்வு கொடுத்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது.

1995-ல் ஹாலிவுட்டின் பெரிய ஏஜென்ட், தன் நண்பர் மைக்கேல் ஓவிட்ஸை இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்தார் ஐஸ்னர். அடுத்த ஆண்டுக் கடைசியிலேயே ஓவிட்ஸ் வெளியே. ஏறத்தாழ 14 மாத வேலைக்குக் கிடைத்த பிரிவுத் தொகை சுமார் 14 கோடி டாலர்! மாதத்துக்கு ஒரு கோடி. பங்குதாரர்கள் டெலவேர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2005-ல் தீர்ப்பு வந்தது: இயக்குநர்கள் நடந்துகொண்டது சிறந்த நிர்வாகத்துக்கு எடுத்துக்காட்டு அல்ல, ஆனால் சட்டப்படி குற்றமும் அல்ல என்ற ரீதியில். மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் இந்த வழக்கைப் பாடமாகப் படிக்கிறார்கள்.

2003 நவம்பரில் வால்ட்டின் அண்ணன் மகன் ராய் இ. டிஸ்னி இயக்குநர் குழுவிலிருந்து விலகி ஐஸ்னரை எதிர்த்துப் பிரசாரத்தில் இறங்கினார். 2004 ஜனவரியில் பிக்ஸாரின் ஸ்டீவ் ஜாப்ஸ், டிஸ்னியோடு நடந்த பட விநியோகப் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டார். பிப்ரவரியில் கேபிள் நிறுவனமான காம்காஸ்ட், டிஸ்னியையே 5,400 கோடி டாலருக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்டது. மார்ச் 3, ஃபிலடெல்ஃபியா பங்குதாரர் கூட்டத்தில் 43 சதவீத வாக்குகள் ஐஸ்னருக்கு ஆதரவு தர மறுத்தன. எதிர் வேட்பாளரே இல்லாத தேர்தலில் இவ்வளவு விழுந்தால் அது தோல்விதான். அன்றிரவே அவரிடமிருந்து இயக்குநர் குழுத் தலைவர் பதவியை மட்டும் பிடுங்கி முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செலிடம் கொடுத்தார்கள்.

அதன் பிறகு நடந்த தேடலில் உள்ளேயிருந்து நின்ற ஒரே ஆள் ஐகர். ஏபிசி தொலைக்காட்சியில் 1974-ல் அடிமட்டத்தில் சேர்ந்தவர். 1996-ல் டிஸ்னி ஏபிசியை வாங்கியபோது அந்தச் சரக்கோடு வந்தவர். எதிரே ஈபே நிறுவனத்தின் சி.இ.ஓ. மெக் விட்மன் பெயர் அடிபட்டது. பதினைந்து நேர்காணல்கள் நடந்ததாக ஐகர் பின்னாளில் எழுதியிருக்கிறார். உள்ளே இருந்ததால் ஐஸ்னரின் தவறுகளெல்லாம் அவர் தலையில் விழுந்தன. பழையதைப் பற்றிப் பேசாமல் வருங்காலத்தை மட்டும் பேசுவது என்று முடிவெடுத்துத்தான் தப்பித்திருக்கிறார். 2005 மார்ச் 13 அன்று அறிவித்தார்கள். ராய் இதை நாடகத் தேர்வு என்று வழக்குப் போட்டார். ஐகர் அவருக்குக் கௌரவ இயக்குநர் என்று ஒரு பட்டத்தைக் கொடுத்து இரண்டு மாதத்தில் சமாதானம் செய்தார். ஜாப்ஸோடும் அப்படியே. ஐஸ்னர் ஆண்டுக்கணக்காகச் சண்டை போட்ட இரண்டு பேரை ஐகர் மரியாதையாலேயே மடக்கினார்.

இதையும் கவனியுங்கள்: 2005 செப்டம்பர் கடைசியில் ஐஸ்னர் போனார் என்றால் முழுவதும் போனார். அடுத்த நாள் முதல் ஐகருக்கு மேலே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அந்த நன்மையை அனுபவித்தவர் அதைத் தனக்குப் பின் வந்தவருக்குக் கொடுக்கவில்லை.

வால்ட் டிஸ்னி யாரையாவது கைகாட்டிவிட்டுப் போனாரா?

இல்லை. 1966 நவம்பரில் நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தது, டிசம்பர் 15-ல் இறந்துவிட்டார். 65 வயது. ஓய்வு பெற இருந்த அண்ணன் ராய், 73 வயதில், தம்பி தொடங்கிய ஃப்ளோரிடா வேலையை முடிக்கத் தங்கினார். தம்பியின் முழுப் பெயரும் இருக்க வேண்டும் என்று அதற்கு வால்ட் டிஸ்னி வேர்ல்ட் என்று பெயர் வைத்தார். 1971 அக்டோபர் 1-ல் திறந்தது. டிசம்பர் 20-ல் ராய் இறந்தார். போக வேண்டிய நேரம் கடந்தும் தங்கிய ஒருவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராத ஒரே இடம் இதுதான்.

பிறகு டான் டேட்டம், கார்ட் வாக்கர் காலம். எதற்கெடுத்தாலும் "வால்ட் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்?" என்று கேட்டுக் கேட்டே ஸ்டுடியோ உறைந்துபோனது. இறந்தவரும் கூடத்தில் உட்கார்ந்திருக்க முடியும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். 1983-ல் வால்ட்டின் மருமகன் ரான் மில்லர் சி.இ.ஓ. ஆனார். முன்னாள் அமெரிக்கன் ஃபுட்பால் வீரர். எல்லோரும் அவரைத் தோற்றவராகவே எழுதுவார்கள். எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. பெரியவர்களுக்கான படங்களுக்கு டச்ஸ்டோன் என்று தனிப் பெயர் வைத்தது, டிஸ்னி சேனல் தொடங்கியது எல்லாம் அவர் காலத்தில்தான். 1984-ல் சால் ஸ்டைன்பெர்க் என்ற பங்கு வேட்டைக்காரர் கம்பெனியை வளைக்க வந்தார். அவரை அனுப்ப டிஸ்னி 32.5 கோடி டாலர் கொடுத்து அவருடைய பங்குகளை வாங்கியது. மிரட்டலுக்குப் பணிந்த அந்தப் பழி மில்லர் மேல் விழுந்தது. செப்டம்பரில் அவரை அனுப்பினார்கள். மனைவியோடு கலிஃபோர்னியாவில் திராட்சைத் தோட்டம் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார். தேடிப் பார்த்தால், டிஸ்னி நாற்காலியை விட்டபின் அதைத் திரும்பியே பார்க்காதவர் அவர்தான் போலிருக்கிறது.

குடும்பக் கம்பெனிதானே, பிள்ளைகள் ஏன் வரவில்லை?

பெயர் மட்டும்தான் குடும்பத்தினுடையது. ராய் இ. டிஸ்னியிடமே கடைசியில் இருந்தது ஏறத்தாழ ஒரு சதவீதப் பங்கு. அதனால் இங்கே வாரிசு என்றால் இயக்குநர் குழு தேர்ந்தெடுப்பவர்தான்.

குடும்பம் கையில் வைத்திருந்தால் சண்டை இருக்காது என்று நினைக்க வேண்டாம். வையகாம் என்ற ஊடக நிறுவனத்தில், அதைக் கையில் வைத்திருந்த சம்னர் ரெட்ஸ்டோன் கடைசிக் காலத்தில் நோயில் கிடந்தபோது மகள் ஷாரிக்கும் சி.இ.ஓ.வுக்கும் 2016-ல் நடந்தது நீதிமன்றப் போர். அந்தச் சொத்தும் 2025 ஆகஸ்டில் ஸ்கைடான்ஸ் என்ற படக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. ஃபாக்ஸ் நியூஸ் முதலாளி மர்டாக் வீட்டில் மூத்த பிள்ளைகள் நால்வருக்குள் வழக்கு. 2025 செப்டம்பரில் மகன் லாக்லனுக்கு முழு அதிகாரம், மற்ற மூவருக்கும் ஆளுக்குச் சுமார் 110 கோடி டாலர் என்று முடிந்தது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான்.

நெல்சன் பெல்ட்ஸ் என்ற பெயர் நடுவில் வந்ததே?

டிஸ்னிக்கு வாரிசு ஏற்பாடே இல்லை என்று குற்றம் சாட்டி இயக்குநர் குழுவில் இடம் கேட்ட முதலீட்டாளர். 2023-ல் ஒருமுறை வந்து, ஐகர் 7,000 பேரைக் குறைக்கிறேன் என்றதும் பின்வாங்கினார். மறுபடி வந்து 2024 ஏப்ரல் 3 வாக்கெடுப்பில் தோற்றார். வால்ட், ராய் இருவரின் பேரப்பிள்ளைகளும் ஐகரை ஆதரித்துக் கடிதம் எழுதினார்கள். அவர்களில் ராய் இ.யின் பிள்ளைகளும் உண்டு. இருபது ஆண்டுக்கு முன் அப்பா ஒரு சி.இ.ஓ.வை விரட்டினார், பிள்ளைகள் ஒரு சி.இ.ஓ.வைக் காப்பாற்றினார்கள். பெல்ட்ஸ் தோற்றாலும் அவர் கேட்ட கேள்வி தோற்கவில்லை என்றுதான் சொல்வேன்.

இந்த முறை வேறு என்ன செய்தார்கள்?

ஜேம்ஸ் கோர்மனைக் கொண்டுவந்தார்கள். மார்கன் ஸ்டான்லி வங்கியின் தலைவராக இருந்தவர். அங்கே மூன்று பேரைப் போட்டியில் வைத்து, 2024 ஜனவரியில் டெட் பிக்கிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, அந்த ஆண்டுக் கடைசியில் தலைவர் பதவியையும் விட்டு விலகியவர். தோற்ற இருவரும் வெளியேறாமல் தங்கியதுதான் அந்தத் தேர்வின் சிறப்பு. 2024 ஆகஸ்டில் டிஸ்னியின் வாரிசுக் குழுத் தலைவர், 2025 ஜனவரியில் இயக்குநர் குழுவுக்கே தலைவர். 2026 தொடக்கத்தில் பெயர் சொல்கிறோம் என்று 2024 அக்டோபரிலேயே தேதி குறித்துவிட்டார். குறித்தபடி சொல்லவும் செய்தார்கள். டிஸ்னியில் இதுவே அதிசயம்.

உள்ளே போட்டியில் இருந்தவர்கள் என்று பேசப்பட்டது நால்வர்: டமாரோ, வால்டன், திரைப்படப் பக்கத்தின் அலன் பெர்க்மன், இஎஸ்பிஎன்னின் ஜிம்மி பிடாரோ. வால்டனுக்குக் கொடுத்த புதுப் பதவியில் கோர்மனின் பழைய வங்கிக் கைவேலை தெரிகிறது.

பூங்கா நடத்தியவருக்கு சினிமா தெரியுமா?

சேபெக்கும் அதே நாற்காலியிலிருந்து வந்தவர்தான். அதனால் இந்தக் கேள்வி வருவது நியாயம். ஆனால் இன்றைக்கு டிஸ்னியின் இயக்க லாபத்தில் பாதிக்கு மேல் அந்தப் பிரிவிலிருந்தே வருகிறது. பத்து ஆண்டில் 6,000 கோடி டாலர் அதில் போடப்போவதாக 2023-ல் சொல்லியிருக்கிறார்கள். சினிமாவுக்கு வால்டன் இருக்கிறார். வால்ட்டுக்கு ராய், ஐஸ்னருக்கு வெல்ஸ் என்று இரட்டை மாடு பூட்டிய காலமெல்லாம் டிஸ்னிக்கு நல்ல காலம். இந்த ஜோடி அப்படி அமையுமா, இரண்டும் இரண்டு பக்கம் இழுக்குமா என்று இப்போதே சொல்கிறவர் ஜோசியர்.

இதற்கும் நம் வீட்டு டிவிக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

2019-ல் ஃபாக்ஸோடு சேர்ந்து ஸ்டார் இந்தியா டிஸ்னிக்கு வந்தது; அதில் விஜய் டிவியும் உண்டு, ஹாட்ஸ்டாரும் உண்டு. 2022 ஜூனில், சேபெக் காலத்தில், ஐபிஎல் ஏலம். தொலைக்காட்சி உரிமையை டிஸ்னி 23,575 கோடி ரூபாய்க்கு எடுத்தது. டிஜிட்டல் உரிமை ரிலையன்ஸின் வயாகாம்18 பக்கம் போனது. ஹாட்ஸ்டாரில் சந்தாதாரர்கள் லட்சக்கணக்கில் கழன்றார்கள். டிஸ்னி பிளஸின் மொத்தக் கணக்கிலும் அது தெரிந்தது. ஐகர் திரும்பி வந்தபின் 2024 நவம்பரில் இந்திய வியாபாரத்தை ரிலையன்ஸோடு இணைத்தார்கள். டிஸ்னிக்கு மிச்சம் 36.84 சதவீதம். ஆக, விஜய் டிவி ஐந்து ஆண்டுகளுக்கு மேல் முழுக்க டிஸ்னி வீட்டுப் பிள்ளை. அந்த ஐந்து ஆண்டில் மேலே நாற்காலி இரண்டு முறை ஆடியது.

இனி எதைப் பார்க்க வேண்டும்?

படங்களின் வசூலை அல்ல, முதல் ஓராண்டுக்கு அதில் டமாரோவின் பங்கு எதுவும் இருக்காது. இப்போது வருகிற படங்கள் மூன்று நான்கு ஆண்டுக்கு முன் முடிவானவை. பெர்க்மனும் பிடாரோவும் தங்குகிறார்களா என்று பாருங்கள். பர்பேங்க் தலைமையகத்தில் யார் எந்த அறையில் என்று அமெரிக்கப் பத்திரிகைகள் கட்டாயம் எழுதும், அதையும் படியுங்கள். ஐகர் மார்ச்சில் சி.இ.ஓ. பதவியை விட்டாலும் ஆலோசகராகவும் இயக்குநராகவும் 2026 டிசம்பர் 31 வரை இருப்பார் என்பது ஏற்பாடு. 2021-லும் அவர் கடைசி நாள் டிசம்பர் 31-தான்.